கெண்டைக்காலில் ஒரு க்

அன்று காலை என் கணவருக்கு இடது ஷூ நுழையவில்லை.

வலது நுழைந்துவிட்டது. நான் தரையில் உட்கார்ந்து, இடது நாடாவை மேலிருந்து இரண்டு துளை வரை உருவி, வாயை அகட்டி, குதிகாலுக்குப் பின்னால் ஒரு கரண்டியின் காம்பை வைத்துத் தள்ளினேன். மெல்ல உள்ளே போனது.

“காலு பெருத்துடுச்சா, ஷூ சிறுத்துடுச்சா?” என்றார்.

“புது ஷூ. பழகினா சரியாயிடும்.”

“ஒரே பெட்டில வந்த ஜோடி. வலது மட்டும் சீக்கிரம் பழகிடுச்சாக்கும்.”

சிரித்தேன். நாடாவை வலதில் இறுக்கமாகவும் இடதில் தளர்வாகவும் கட்டினேன். அவர் கைத்தடியைத் தேடினார். அது அவர் கையிலேயே இருந்தது. அதற்கும் சிரித்தோம். பிறகு கதவைத் திறந்துகொண்டு படிக்கு வந்தோம். சாதாரணமாக நாங்கள் சேர்ந்து செய்த கடைசிக் காரியம் அது.

எங்கள் வீடு மூன்றாவது மாடி. மாடிக்குப் பதினாறு படி, பாதியில் ஒரு திருப்பம். ஆக மொத்தம் நாற்பத்தெட்டு. லிஃப்ட் கிடையாது. என் கணவர் முப்பத்தாறு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக வேலை பார்த்தவர் என்பதால் இதைச் சொல்லி அவரைச் சீண்டாத சொந்தக்காரர் இல்லை. அவரும் சளைக்காமல் ஒரே பதிலைச் சொல்வார்: “லிஃப்ட் ஓடும்போது என்னை எவன் கூப்பிட்டான்? நின்னு போனாத்தானே கூப்பிடுவான். நின்னு போன லிஃப்டுல மெக்கானிக் எப்படி ஏறுறது? என்னை மாதிரி படி ஏறினவன் இந்த ஊர்லயே கிடையாது.” உண்மைதான். கையில் இருபது கிலோ கருவிப் பையோடு பத்து மாடி, பன்னிரண்டு மாடி ஏறுவார். இறங்கி வந்து லிஃப்டுக்கு அடியில் இருக்கும் குழிக்குள் மணிக்கணக்கில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பார். முட்டி இரண்டும் அறுபத்தெட்டு வயதுக்குள் கணக்குத் தீர்த்துவிட்டன. இடது ரொம்ப மோசம்.

எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த டாக்டர், “தேய்மானம்” என்றார். அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. என் கணவருக்குத் தேய்மானத்தைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. வீட்டுக்கு வந்ததும் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான்.

“தேஞ்ச சாமானை ஓட்டக் கூடாது. கம்பி வடத்துல நாலு இழை பிஞ்சிருந்தாலே நான் வண்டியை நிறுத்திப் போர்டு மாட்டிடுவேன். எத்தனை பேரு கத்தினாலும் சரி.”

சும்மா சொல்லவில்லை. பழைய கருவிப் பையிலிருந்து அந்தப் போர்டையே எடுத்து, நாற்காலியின் முதுகில் மாட்டினார். ‘பழுது. பயன்படுத்த வேண்டாம்.’ வருகிறவர்கள் சிரிப்பார்கள். ஏழு மாதம் அது தொங்கியது. கடைசி இரண்டு மாதம் எனக்குச் சிரிப்பு வரவில்லை. தொடை இரண்டும் சூம்பிக்கொண்டு வந்தன. குளியலறைக்குப் போவதற்கே சுவரைப் பிடித்தார். தெருவில் யாராவது கூப்பிட்டால் ஜன்னலிலிருந்து கையை மட்டும் காட்டினார்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு அச்சகத்தில் இருபத்தொன்பது வருடம் பிழை திருத்தினேன். பாடப்புத்தகம், பஸ் கால அட்டவணை, மருந்து டப்பாவுக்குள் எட்டாக மடித்து வைக்கும் தாள், எல்லாம் என் கண் வழியாகப் போயிருக்கின்றன. மருந்துத் தாள் மட்டும் ஆயிரத்துக்குக் குறையாது. எந்த மருந்து எதற்கு என்று கேட்டால் தெரியாது. வேலையில் சேர்ந்த அன்றைக்கே எங்கள் ஃபோர்மன் சொல்லிக்கொடுத்தது அதுதான்: “அர்த்தத்துக்குள்ள போகாதேம்மா. போனா கண்ணு ஓடிடும், எழுத்து தப்பிடும்.” முக்கியமான தாள்களைக் கடைசி வார்த்தையிலிருந்து முதல் வார்த்தைக்குப் பின்னோக்கிப் படிப்போம். அப்படிப் படித்தால் அர்த்தம் வந்து தொந்தரவு செய்யாது. நான் அதில் கெட்டிக்காரி என்று பெயர். வீட்டில் எனக்குப் பெயரே ‘திருத்தம்’ என்று ஆகிவிட்டது. “திருத்தம், தண்ணி கொண்டா” என்பார்.

ஒரு நாள் போனில் மகள் பேசினாள். அவள் இருப்பது பஸ்ஸில் பதினொரு மணி நேரத் தொலைவில்.

“அம்மா, அப்பா தரையை மிதிச்சு ஏழு மாசமாச்சு. ஒரு அவசரம்னா எப்படி இறக்குவே? இங்க கீழ ஒரு ரூம் சும்மாத்தான் கிடக்கு. அந்த வீட்டைக் குடுத்துட்டு வந்துடுங்க.”

அவர் போனைப் பிடுங்கினார். “உன் வீட்டுல நான் மாப்பிள்ளையோட மாமனாரு. இங்க நான் நானு.”

“ஆமா, நீங்க நீங்கதான். நாற்காலியோட ஒட்டிக்கிட்ட நீங்க.”

யாருக்கும் வாயில் குறைச்சல் இல்லை; அப்பனுக்குப் பிறந்தவள்தானே. கடைசியில் அவரே ஒரு பந்தயம் கட்டினார். “மூணு மாசம் குடு. நீ வந்து கீழ நில்லு. யாரு கையையும் பிடிக்காம நான் இறங்கி வந்து, உன் கண்ணு முன்னாடியே ஏறிக் காட்டுறேன். ஏறிட்டா வீட்டைப் பத்தி அப்புறம் வாயே திறக்கக் கூடாது.”

“ஏறலைன்னா?”

“அடுத்த பஸ்ஸுக்கே பெட்டியோட வந்துடுறோம்.”

என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். எனக்கும் அந்த வீடு வேண்டியிருந்தது. இதை எழுத வேண்டிய இடத்தில் எழுதிவிட வேண்டும்.

எங்கள் தெருமுனை மருத்துவமனையில் புதன்கிழமைதோறும் காலை பத்து மணிக்கு முட்டிவலிக்காரர்களுக்கு ஒரு வகுப்பு நடந்தது. ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண் நடத்தினாள். முப்பது வயது இருக்கும். முதல் நாள் அவர் பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக இறங்கி, தெருவைக் கடந்து அங்கே போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆனது. போனால், வகுப்பை முதல் மாடியில் வைத்திருந்தார்கள். எங்களுக்கு முன்னால் வந்திருந்த ஒரு ரிட்டயர்டு பஸ் கண்டக்டர் படியின் அடியில் நின்றுகொண்டு எல்லோரையும் பார்த்துச் சொன்னார்: “ஏறிட்டவங்க எல்லாரும் பாஸ், அப்படியே வீட்டுக்குப் போகலாம். ஏறாதவங்களுக்கு மட்டும்தான் வகுப்பு.”

இவருக்கு அவரைப் பிடித்துப் போயிற்று. அடுத்த வாரமே வகுப்பைக் கீழே மருந்துக் கடைக்குப் பக்கத்து அறைக்கு மாற்றினார்கள்.

அந்தப் பெண் ஒரு கிண்ணத்தில் தண்ணீரும், பாத்திரம் தேய்க்கிற பஞ்சும் கொண்டு வந்தாள். எலும்புக்கு நடுவில் இருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது, அழுத்தி விட்டால்தான் அது இந்தப் பஞ்சு மாதிரி நீரை உறிஞ்சிச் சாப்பிடும், அசையாமல் உட்கார்ந்தால் பட்டினிதான் என்று பிழிந்து காட்டினாள்.

“என் முட்டில தண்ணியே இல்லைன்னு டாக்டரு சொல்லிட்டாரேம்மா,” என்றார் கண்டக்டர்.

“அப்படியெல்லாம் வத்திப் போகாது சார். தசைதான் வத்திப் போகும்.”

இவர் கையைத் தூக்கினார். “நான் ஒண்ணு கேக்கலாமா? தேஞ்ச சாமானை ஓட்டினா இன்னும் தேயுமா, தேயாதா?”

“சார் என்ன வேலை பார்த்தீங்க?”

“லிஃப்ட்.”

அவள் கொஞ்சம் யோசித்தாள். “லிஃப்டை ஆறு மாசம் நிறுத்தி வச்சா தேயாது சார், ஒத்துக்கிறேன். ஆனா முட்டியை நிறுத்தி வச்சா அதைத் தாங்குற தொடைச்சதை கரைஞ்சுடும். அப்புறம் எழுந்திரிக்கிற அன்னைக்கு மொத்த பாரமும் எலும்பு மேலதான் விழும். லிஃப்டுக்கு வடம் மாதிரி முட்டிக்கு தசை. நீங்க வடத்தைக் கழட்டிப் பரண்ல போட்டுட்டு வண்டி பத்திரமா இருக்குன்னு உக்காந்திருக்கீங்க.”

அவர் அந்தப் பஞ்சை வாங்கி ஒரு தடவை பிழிந்து பார்த்தார். வீட்டுக்கு வந்து, நாற்காலியில் உட்காருவதற்கு முன்னால் போர்டைக் கழற்றிப் பைக்குள் போட்டார். அன்றிலிருந்து அவளுக்கு ‘முட்டி டீச்சர்’ என்று பெயர் வைத்து, அவள் சொன்னதையெல்லாம் செய்தார். நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிப் பத்து எண்ணும்வரை பிடிப்பது. முட்டிக்கடியில் துண்டைச் சுருட்டி வைத்து அழுத்துவது. கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது. முதல் வாரம் மூன்று தடவை, இரண்டாம் மாதம் பன்னிரண்டு. எண்ணுவது என் வேலை. கைத்தடியை வலிக்கிற காலுக்கு எதிர்க் கையில் பிடிக்க வேண்டும் என்பதை மட்டும் அவர் பழகவே நாளாயிற்று.

படிக்கு அவள் ஒரு வாய்ப்பாடு சொன்னாள். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது கெட்ட கால் முதலில். “மறந்துட்டா இப்படி நினைச்சுக்கங்க: நல்லவங்க மேல போவாங்க, கெட்டவங்க கீழ போவாங்க.”

“நல்லவங்கதான் முதல்ல மேல போவாங்கன்னு எங்க வீட்டுலயும் சொல்லுவாங்கம்மா,” என்றார் இவர். அறையே சிரித்தது. நான் அவர் முழங்கையில் இடித்தேன்.

மூன்றாம் வாரமோ நான்காம் வாரமோ அவள் எல்லோருக்கும் ஒரு கையேடு கொடுத்தாள். எட்டுப் பக்கம், அவளே தட்டச்சு செய்தது. எனக்குக் கை சும்மா இருக்குமா? வகுப்பு நடக்கும்போதே பேனாவை எடுத்து ஓரத்தில் குறி போட ஆரம்பித்துவிட்டேன். இவர் காட்டிக்கொடுத்தார். “டீச்சர், உங்க பேப்பருக்கு எங்க வீட்டம்மா மார்க் போடுறாங்க.”

அவள் வந்து பார்த்தாள். கோபப்படவில்லை. “இதை அச்சடிச்சு எல்லாக் கிளைக்கும் அனுப்பணும்னு இருக்காங்கம்மா. நீங்களே முழுசாத் திருத்திக் குடுத்தா எனக்கு எவ்வளவு நல்லாயிருக்கும்.”

வேலையை விட்டு ஒன்பது வருடத்துக்குப் பிறகு ஒருவர் என்னிடம் ப்ரூஃப் கொடுத்தார். எனக்கு வந்த சந்தோஷத்தை நான் வெளியே காட்டவில்லை. சாப்பாட்டு மேஜையில் விரித்து, சிவப்புப் பேனா, அளவுகோல் எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு நான்கு தடவை படித்தேன். இரண்டு முறை முன்னோக்கி, இரண்டு முறை பின்னோக்கி. அவர் எதிரில் உட்கார்ந்து கால் நீட்டிப் பத்து எண்ணிக்கொண்டிருந்தார்.

இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி: ‘பொறுக்கக்கூடிய முட்டி வலி இருந்தால் மெதுவாக நடக்கலாம்.’

“பாருங்க, வலி இருந்தால் நடக்கலாமாம். அப்ப வலி இல்லாதவன் நடக்கக் கூடாதா? ஒரு ‘உம்’ போடாம மொத்தமும் தலைகீழாப் போச்சு. இருந்தாலும்.”

“ஒரு ‘உம்’ல இவ்வளவு இருக்கா?”

“ஒரு ‘உம்’லதான் இருக்கு.”

அது அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அதற்குப் பிறகு எழுந்திருக்கச் சோம்பும் ஒவ்வொரு நாளும் நான் “வலி இருந்தால்…” என்று இழுப்பேன், அவர் “உம்!” என்று முடித்துக்கொண்டு எழுந்துவிடுவார். வீட்டில் அந்த வரி அவ்வளவுதான் மிஞ்சியது. ‘பொறுக்கக்கூடிய’ போய்விட்டது. ‘முட்டி’ போய்விட்டது.

ஆறாம் பக்கத்தில் ‘கெண்டைகால்’ என்று இருந்தது. ஒற்று விட்டுப்போயிருந்தது. சிவப்பில் ஒரு க் போட்டு, ஓரத்தில் கோடு இழுத்தேன். “இங்க வலி மிகும்,” என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். இலக்கணத்தில் அதற்கு அதுதான் பெயர். வல்லின எழுத்து கூடுதலாக வரும் இடம்.

“எங்க வலி மிகும்? எனக்கா சொல்றே?” என்றார், காலைக் கீழே இறக்காமல்.

“உங்களுக்கு இல்ல. கெண்டைக்காலுக்கு.”

“கெண்டைக்கால் நல்லாத்தான் இருக்கு. அதையும் ஏன் கிளப்புறே?”

மொத்தம் அறுபத்திரண்டு திருத்தம். முட்டி டீச்சர் ஒவ்வொன்றையும் அப்படியே ஏற்றுக்கொண்டாள். அச்சாகி வந்த முதல் பிரதியில், “திருத்தித் தந்த அம்மாவுக்கு” என்று எழுதி எனக்குக் கொடுத்தாள்.

இரண்டாம் மாத முடிவில் அவர் தெருமுனை டீக்கடை வரை போய் வந்தார். கடைக்காரர் ஒன்பது மாத டீயையும் சேர்த்துக் குடிக்கச் சொன்னாராம். பிறகு தினமும் போனார். ஏறும்போது திருப்பங்களில் நின்று மூச்சு வாங்குவார், ஆனால் கம்பியைப் பிடிக்காமல் ஏறினார். இரண்டாவது மாடியில் குடியிருக்கும் தையல்கார அம்மா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, “இருபத்துநாலாம் படி வந்தாச்சு, அரை டிக்கெட்டு வந்தாச்சு” என்று கேலி பேசுவார். உட்கார்ந்து உட்கார்ந்து பிதுங்கிய வயிறு வடிந்தது. முகத்தில் பழைய திமிர் வந்தது. அது எனக்குப் பிடித்த திமிர்.

ஞாயிற்றுக்கிழமை வைத்திருந்த பந்தயத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது மகள் கூப்பிட்டாள். அந்தக் கீழ் அறைக்கு வெள்ளையடித்திருந்தாள். ஒரு தடவை வந்து பார்த்துவிட்டாவது சொல்லுங்கள் என்றாள். போனோம். போகப் பதினொரு மணி நேரம், மறுநாளே திரும்பப் பதினொரு மணி நேரம். பஸ் நிற்கும்போதெல்லாம் நான் இறங்கிக் கால் உதறிவிட்டு வந்தேன். அவர் இறங்கவில்லை. “இறங்கினா ஏறணும். இந்தப் படி நம்ம படியைவிட உசரம். எனக்கு ஞாயித்துக்கிழமைக்குக் காலு வேணும், இங்க செலவு பண்ண மாட்டேன்.” சேமித்து வைக்கிறாராம். பழைய புத்தி எங்கே போகும்?

வந்த மூன்றாம் நாள், “கெண்டையில புடிச்ச மாதிரி இருக்கு” என்றார். இடது கால். நான் தொட்டுப் பார்த்தேன். கொஞ்சம் வீங்கி, சூடாக இருந்தது. மோசமான முட்டி இருக்கும் கால்தானே, அதிலிருந்து இறங்கிய வீக்கம் என்று நினைத்தேன். தைலம் போட்டு நன்றாகத் தேய்த்துவிட்டேன். மறுநாளும் தேய்த்தேன்.

புதன்கிழமை வகுப்பு. அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு, பிறகு கழற்றிவிட்டார். “இன்னைக்குப் போக வேணாம். காலைப் பார்த்தா டீச்சரு ரெண்டு வாரம் ரெஸ்டுன்னு சொல்லிடும். ஞாயித்துக்கிழமை முடியட்டும், நானே போய்க் காட்டுறேன்.”

“கேட்டுட்டு வந்துடலாங்க.”

“ரெண்டு வாரம்னு சொன்னா என்ன பண்ணுவே? பெட்டி கட்டுவியா?”

நான் அலமாரியைப் பார்த்தேன், ஜன்னலைப் பார்த்தேன், நாற்காலியைப் பார்த்தேன். “வலி இருந்தால்…” என்றேன்.

“உம்,” என்றார் அவர்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மகளும் மாப்பிள்ளையும் வருவதாக ஏற்பாடு. காலை எட்டு மணிக்கு ஒரு ஒத்திகை பார்த்துவிடலாம் என்றார். அப்போதுதான் அந்த ஷூ.

கெட்ட காலை முதலில் வைத்து நாற்பத்தெட்டும் இறங்கினார். டீக்கடையில் பாதி டீ குடித்தார். மீதி வேண்டாம் என்று வைத்துவிட்டார். திரும்பி வரும்போது பேச்சு குறைந்தது. முதல் மாடியில் நின்றார். இரண்டாவது மாடியில் தையல்கார அம்மா, “இன்னைக்கு ஃபைனல்னு கேள்விப்பட்டேன், ஜெயிச்சா எனக்கு என்ன?” என்றார். இவர் கையை மட்டும் ஆட்டிவிட்டு நடந்தார். அடுத்த எட்டுப் படியை ஏறினார். திருப்பத்தில், நாற்பதாவது படியில், சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“மூச்சு வரலை,” என்றார்.

“ஏங்க, வேகமா ஏறிட்டீங்க. கொஞ்சம் உக்காருங்க.”

முகம் வேர்த்துக் கொட்டியது. உதட்டின் நிறம் மாறியது. நான் கத்தியதில் தையல்கார அம்மா ஓடி வந்து, அப்படியே திரும்பி ஆம்புலன்ஸைக் கூப்பிட ஓடினார். நான் அவருடைய சட்டைப் பொத்தான்களைக் கழற்றினேன். அவர் மேலே எங்கள் கதவைப் பார்த்தார், கீழே பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“மாடிக்கும் மாடிக்கும் நடுவுல நின்னுடுச்சு திருத்தம்,” என்றார். “கதவைத் திறக்க முயற்சி பண்ணாதே. ஆளு வரும்.”

மாட்டிக்கொண்டவர்களிடம் முப்பத்தாறு வருடமாக வெளியிலிருந்து சொல்லிவந்த வார்த்தை அது. ஆள் வர இருபது நிமிடம் ஆயிற்று. வந்தபோது அவர் என் தோளில் சாய்ந்திருந்தார். கனம் மட்டும்தான் இருந்தது.

மருத்துவமனையில் ஒரு டாக்டர் என்னை உட்கார வைத்துச் சொன்னார். காலின் ரத்தக் குழாய்க்குள் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி கிளம்பி நுரையீரலில் போய் அடைத்திருக்கிறது. நாள்கணக்காக அசையாமல் கிடப்பவர்களுக்கும், நீண்ட பயணம் போகிறவர்களுக்கும் வருவதுண்டு. மூன்று மாதமாக நடந்ததால் வந்ததல்ல, அந்த நடைதான் அவரை இவ்வளவு தூரம் கொண்டுவந்தது. பிறகு மெதுவாகக் கேட்டார்: “ரெண்டு மூணு நாளா கால்ல ஏதாவது சொன்னாரா?”

“முட்டி வலி. ரொம்ப நாளா இருக்கு.”

“முட்டி இல்லம்மா. கெண்டைக்கால்?”

அந்த வார்த்தையை டாக்டர் சொன்னபோது எனக்கு அவருடைய குரல் கேட்கவில்லை. அச்சில் தெரிந்தது. ஆறாம் பக்கம், மேலிருந்து மூன்றாவது வரி. நடுவில் என் சிவப்பு க்.

மகளுக்கு வழியிலேயே செய்தி போயிருந்தது. வந்ததிலிருந்து அவள் ஒன்றையே சொல்லி அழுதாள். “நான்தான் அவரைப் பந்தயம் கட்ட வச்சேன். நான் சும்மா இருந்திருந்தா அவரு பாட்டுக்கு நாற்காலில உக்காந்திருப்பாரு. நான்தான் பஸ்ஸுல வரச் சொன்னேன்.” எல்லாம் முடிந்து மூன்றாம் நாளும் அதையே சொன்னாள். சாப்பிடவில்லை. மாப்பிள்ளை என்னிடம், “அத்தை, நீங்கதான் ஏதாவது சொல்லணும்” என்றார்.

என்னால் சும்மா இருந்துவிட முடிந்திருக்கும். அந்தப் பழி அவள் மேல் இருந்தவரை என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. அன்று மாலை அலமாரியைத் திறந்து, திருத்திய பழைய தாள்களை எடுத்து வந்து அவள் மடியில் வைத்தேன்.

“ஆறாம் பக்கம் படி.”

அவள் வாய்விட்டுப் படித்தாள். ‘நீண்ட நேரம் உட்கார்ந்த பயணத்துக்குப் பிறகு ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலித்தால் அது முட்டி வலி அல்ல. தேய்க்க வேண்டாம். நடக்க வேண்டாம். அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.’

“சிவப்புல இருக்கிறது என் கையெழுத்து,” என்றேன். “தைலம் தேச்சதும் என் கைதான்.”

அவள் அந்தச் சிவப்பு எழுத்தை விரலால் தொட்டாள். “அம்மா, நீ இதைப் படிச்சியா?”

“நாலு தடவை.”

“இல்லம்மா,” என்றாள். திட்டவில்லை. “நீ படிக்கல.”

ஆமாம் என்றேன். எழுத்தைப் பார்த்தேன், படிக்கவில்லை. என் தொழிலில் அதற்குக் கெட்டிக்காரத்தனம் என்று பெயர். அவள் தாள்களை மடித்து வைத்துவிட்டு, சின்ன வயதில் செய்வது மாதிரி என் மடியில் தலையை வைத்துக்கொண்டாள். அன்றைக்குத்தான் இரண்டு பேரும் சாப்பிட்டோம். ஊருக்குக் கிளம்பும்போது வீட்டைப் பற்றிப் பேசுவாள் என்று எதிர்பார்த்தேன். பேசவில்லை. படியில் இறங்கும்போது திருப்பத்தில் நின்று, “நாப்பது ஏறிட்டாரும்மா” என்றாள். “பாஸ்தான்.”

ஒரு மாதம் கழித்து முட்டி டீச்சரிடம் போனேன். நான் சொல்லி முடிக்கும்முன் அவள் அழுதாள். “நான் அதை வகுப்புல வாயால சொல்லியிருக்கணும்மா. ஆறாம் பக்கத்துல எழுதி வச்சுட்டா போதும்னு நினைச்சுட்டேன். எட்டுப் பக்கத்தை யாரு படிக்கிறாங்க?” அவளும் தன் பங்கை எடுத்துக்கொண்டாள். எல்லோருக்கும் போதுமான அளவு இருந்தது.

கையேடு இரண்டாம் பதிப்புக்குப் போயிற்று. மறுபடி என்னிடமே வந்தது. வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். பிறகு உட்கார்ந்தேன். இந்தத் தடவை பின்னோக்கிப் படிக்கவில்லை. ஒவ்வொரு வரியையும் வாய்விட்டு, எதிரில் யாரோ கால் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது போலப் படித்தேன். அர்த்தம் வந்தது. வரட்டும் என்று விட்டேன். ‘இருந்தாலும்’ என்ற வரியில் ‘பொறுக்கக்கூடிய’வையும் ‘முட்டி’யையும் தடித்த எழுத்தாக்கச் சொன்னேன். ஆறாம் பக்கத்து வரியை எடுத்து முதல் பக்கத்தில், கட்டம் கட்டி, பெரிய எழுத்தில் போட்டார்கள். ‘பயணத்துக்குப் பிறகு’ என்பதோடு ‘நாள்கணக்காக அசையாமல் இருந்தாலும்’ என்று சேர்த்தோம். ‘மருத்துவரிடம் காட்டுங்கள்’ என்பதற்குப் பக்கத்தில் ‘விசேஷம், பயணம், பந்தயம் எதற்காகவும் தள்ளிப்போட வேண்டாம்’ என்று எழுதச் சொன்னேன். பந்தயம் என்ற சொல் எதற்கு என்று மேலே இருப்பவர்கள் கேட்டார்களாம். இருக்கட்டும் என்று முட்டி டீச்சர் விடாப்பிடியாக நின்று வாங்கிவிட்டாள்.

இப்போது புதன்கிழமைகளில் நானும் போகிறேன். என் முட்டிக்கும் வயதாகிறது. வகுப்பு தொடங்கும்போது அந்தக் கட்டத்துக்குள் இருப்பதை நான்தான் வாசிக்கிறேன். கண்டக்டர் தன் கெண்டைக்கால் இரண்டையும் தொட்டுப் பார்த்துக்கொண்டு, “ரெண்டும் ஒரே சைஸுதான்மா, மேல படி” என்பார். பிறகு வீட்டுக்கு வந்து, நல்ல காலை முதலில் வைத்து ஏறுகிறேன்.

அந்த வரியின் இடம் மாறிவிட்டது, அளவு மாறிவிட்டது, முன்னும் பின்னும் சொற்கள் மாறிவிட்டன. கெண்டைக்கும் காலுக்கும் நடுவில் நான் போட்ட க் மட்டும் போட்ட இடத்திலேயே இருக்கிறது.